தோற்கத் தெரிந்த வீரன்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் நாள் முழுக்கத் தேங்காய் உடைந்துகொண்டே இருக்கும். கிழக்குக் கோட்டை பஸ்களின் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்கும். பரீட்சைக்குப் போகும் மாணவன், விசாவுக்குக் காத்திருக்கும் வளைகுடாக்காரர், பெண்ணுக்கு வரன் தேடும் அப்பா, புது ஆட்டோ வாங்கியவர் - ஒவ்வொருவர் கையிலும் ஒரு தேங்காய். ஒவ்வொரு தேங்காயின் பின்னாலும் ஒரு விக்னம். திருவிதாங்கூர் படை வீரர்கள் வழிபட்டு வந்த பிள்ளையார் இவர். அந்தப் படை இந்திய ராணுவத்தோடு இணைந்த பிறகு கோயில் நிர்வாகமும் ராணுவத்தின் பொறுப்புக்கு வந்தது. இன்றும் அப்படித்தான். துப்பாக்கி பிடித்தவர்களே தடை நீங்க வேண்டி நிற்கும் சந்நிதியில் மற்றவர்கள் தேங்காய் வாங்காமல் போவார்களா?

ஊரே தடைகளை உடைத்தெறிய வரிசையில் நிற்க, காசு கொடுத்துத் தடைகளை வாங்கிக்கொண்டு வருகிற கூட்டமும் ஒன்று இருக்கிறது. வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள்தான். யோசித்துப் பார்த்தால் வீடியோ கேம் என்பது வேறென்ன? ஒருவர் உட்கார்ந்து வழி நெடுக இடையூறுகளை அடுக்குகிறார். இன்னொருவர் விலை கொடுத்து வாங்கி அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டுகிறார். விக்னங்களை வைப்பவரும் விக்னேஸ்வரர், நீக்குபவரும் விக்னேஸ்வரர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கேம் தயாரிப்பாளர்கள் அந்த இரண்டு வேலைகளில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது நம் கட்டைவிரலின் பொறுப்பு.

சிக்கல், ஆட்டத்தின் நாயகன் சூப்பர் ஹீரோவாக இருக்கும்போதுதான் வருகிறது. மலையைத் தூக்குகிறவனுக்கு எதைத் தடையாக வைப்பது?

கோட்டைக்குள் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' விளையாட்டின் முதல் சில மணி நேரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியும் பார்த்தேன். கலிபோர்னியாவின் இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனம் பிளே ஸ்டேஷனுக்காகத் தயாரித்து 2018 செப்டம்பரில் வெளியிட்ட ஆட்டம் இது. முதல் மூன்று நாட்களில் 33 லட்சம் பிரதிகள் விற்றதாக சோனி அறிவித்தது. அதற்குப் பிறகு இரண்டு ஸ்பைடர்மேன் ஆட்டங்கள் வந்துவிட்டாலும், இந்த வீட்டில் இதுதான் புதுசு.

ஆரம்பமே வேடிக்கை. உலகைக் காக்கும் வீரன் தூங்கி எழுகிறான். அறை முழுக்கக் குப்பை. போலீஸ் வயர்லெஸ்ஸில் ஏதோ கலவரச் செய்தி. அவசரமாக உடை மாட்டும்போது கதவுக்கு அடியில் ஒரு காகிதம் நழுவி உள்ளே வருகிறது: வாடகை பாக்கி, கடைசி எச்சரிக்கை. அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதிக்கிறான். அந்தக் கணத்தில் ஆட்டம் நம் கைக்கு வந்துவிடுகிறது. கன்ட்ரோலரின் வலது பக்கம் ஆள்காட்டி விரல் படும் இடத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் வலை பாய்ந்து கட்டடத்தைப் பற்றும். விட்டால் உடம்பு வானில் மிதக்கும். நியூயார்க்கின் மேன்ஹாட்டன் முழுவதும் கால் படாமல் ஊஞ்சலாடலாம். வலை ஆகாயத்தில் எங்கேயோ ஒட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் கட்டடமோ மரமோ இருந்தால்தான் ஒட்டும். பூங்காவுக்கு மேலே வந்தால் வீரனும் கொஞ்சம் தடுமாற வேண்டியதுதான்.

உயரத்தில் நான் பட்டனை விடத் தயங்கியபோது பையன் சொன்னான்: "மாமா, கீழே விழுந்தா ஒண்ணும் ஆகாது. தைரியமா விடுங்க."

உண்மைதான். எத்தனை மாடி உயரத்திலிருந்து விழுந்தாலும் இந்த ஸ்பைடர்மேனுக்கு அடி படுவதில்லை. ஆனால் தெருவில் நாலு ரவுடிகள் துப்பாக்கியோடு சூழ்ந்துகொண்டால் அரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். திரையின் ஓரத்தில் இரண்டு கோடுகள். ஒன்று உயிர். மற்றொன்று, அடிகளிலிருந்து விலகியும் திருப்பி அடித்தும் சேர்க்கும் வேகம். அந்தச் சேமிப்பைக் காயத்தை ஆற்றிக்கொள்ளச் செலவழிக்கலாம். இல்லை, எதிரியை ஒரே அடியில் வீழ்த்தவும் செலவழிக்கலாம். மாதக் கடைசியில் கையிருப்பை மருந்துக்குக் கொடுப்பதா, மளிகைக்குக் கொடுப்பதா என்று யோசிக்கும் குடும்பத் தலைவியின் நிலைமைதான் ஸ்பைடர்மேனுக்கும். இதைத் தயாரித்தவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அங்கேதான் பட்டது. பறப்பதில் பயம் கூடாது, சண்டையில் பயம் வேண்டும். எங்கே காயம் படும், எங்கே படாது என்று கோடு போட்டதில் இருக்கிறது ஆட்டத்தின் உயிர்.

இந்தக் கோட்டைப் போடத் தெரியாமல் சூப்பர் ஹீரோ ஆட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சூப்பர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் அடாரி நிறுவனம் அவரை வீட்டு டி.வி.க்குக் கொண்டுவந்தது. சூப்பர் ஹீரோக்களின் வீடியோ கேம் வரலாறு அங்கேதான் ஆரம்பம். குண்டு துளைக்காத மனிதருக்கு என்ன தடை வைப்பது? கிரிப்டோனைட் கல் பட்டால் அவர் பறக்கும் சக்தியை இழப்பார். காதலி லோயிஸ் லேனைத் தேடிப் போய் ஒரு முத்தம் பெற்றால்தான் சக்தி திரும்ப வரும். உயிர் போகாது, நேரம்தான் போகும். உடைந்த பாலத்தைச் சரிசெய்து, வில்லன் கூட்டத்தைச் சிறையில் அடைத்து, எவ்வளவு சீக்கிரம் பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்புகிறீர்கள் என்பதே போட்டி. ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிய அந்தக் காலத்து யோசனை இன்றைக்கும் கெட்டிக்காரத்தனமாகவே தெரிகிறது.

இருபது வருடம் கழித்து, 1999-ல் நின்டெண்டோ 64-க்காக டைட்டஸ் நிறுவனம் வெளியிட்ட சூப்பர்மேன் ஆட்டம், வீடியோ கேம் வரலாற்றின் மிக மோசமான ஆட்டங்கள் எனப் போடப்படும் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கிறது. வானில் தொங்கும் வளையங்களுக்குள் புகுந்து புகுந்து பறப்பதே பெரும் பகுதி வேலை. நகரத்தை முழுசாகக் காட்ட இயந்திரத்துக்குத் திராணியில்லை என்பதால் எங்கும் மூட்டம். அந்த மூட்டத்துக்கும் 'கிரிப்டோனைட் பனி' என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

2006-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வேறு வழி கண்டது. 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' ஆட்டத்தில் நாயகனை எதனாலும் கொல்ல முடியாது. உயிர்க்கோடு அவருக்கு இல்லை, அவர் காக்கும் நகரத்துக்கு. எரிகற்களும் எதிரிகளும் மெட்ரோபோலிஸ் நகரை இடித்துத் தள்ள, அந்தக் கோடு தேய்ந்துகொண்டே வரும். தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. வீரனுக்குக் காயமில்லை, அவன் கையாலாகாமல் ஊர் சாகிறது. ஆட்டமாக அது பெரிய வெற்றி பெறவில்லை என்றாலும், இந்த யோசனை மட்டும் மனதில் தங்குகிறது. பலசாலிக்கு வலி அவன் உடம்பில் இருக்காது, அவன் நேசிக்கும் இடத்தில் இருக்கும். நம் புராணக் கதை சொல்லிகளுக்கு இது பழைய சங்கதி.

வால்வரின் என்ற இன்னொரு நாயகனின் கதை திருவனந்தபுரத்துக்குக் கொஞ்சம் சொந்தம். நகரின் வடக்கே கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் நிறுவனம், 'வால்வரின் அண்ட் தி எக்ஸ்மென்' என்ற 26 பகுதி கார்ட்டூன் தொடரின் தயாரிப்பில் பங்கேற்றது. 2008-ல் ஆரம்பித்த தொடர் அது. விரல் இடுக்கிலிருந்து கத்தி நீளும் அமெரிக்க வீரனுக்காக, தேங்காய்ச் சட்னியோடு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த கைகள் இங்கே வேலை செய்தன. வால்வரினின் சிறப்பு அவன் காயம் தானாகவே ஆறிவிடும் என்பது. அப்படியானால் அடிபடுவதற்கு என்ன அர்த்தம்? 2009-ல் ரேவன் நிறுவனம் தயாரித்த வால்வரின் ஆட்டம் அதற்குக் கொடூரமான ஒரு பதில் சொன்னது. சண்டையில் தோல் கிழியும், எலும்பு தெரியும்; பிறகு நம் கண்ணெதிரே சதை மூடும். பிள்ளைகளுக்குக் காட்ட முடியாத ஆட்டம். ஆனாலும் ஆறும் காயமும் காயம்தான் என்று அது உணர வைத்தது. ஸ்பைடர்மேனைத் தந்த இன்சோம்னியாக் நிறுவனமே புதிதாக ஒரு வால்வரின் ஆட்டத்தை 2021-ல் அறிவித்தது. 2025 செப்டம்பரில் அதன் காட்சிகளை வெளியிட்டது. அதில் தெறிக்கும் ரத்தத்தைப் பார்த்தால், கோட்டையிலுள்ள என் நண்பர் தன் பையனுக்கு அதை வாங்கித் தர இன்னும் ஆறு வருடமாவது ஆகும் என்று தோன்றுகிறது.

அதே 2009-ல் இந்தியாவிலும் ஒரு சரித்திரம் நடந்தது. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் தயாரித்து சோனி வெளியிட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்', பிளே ஸ்டேஷன் 2-க்காக முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் ஆட்டம். நமக்கென்று ஒரு சூப்பர் ஹீரோவைத் தேடினால் ஆஞ்சநேயரைவிட வேறு யார்? மலையைத் தூக்கியவர், கடலைத் தாண்டியவர். ஆனால் ஆட்டம் விமர்சகர்களைக் கவரவில்லை. அதற்குள் அமெரிக்காவிலிருந்து ஓர் எதிர்ப்புக் குரலும் கிளம்பியது. அங்குள்ள இந்து அமைப்பு ஒன்றின் தலைவரான ராஜன் செட், ஆட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். கோடிக்கணக்கானவர்கள் வணங்கும் தெய்வத்தை ஒரு பொத்தானால் ஆட்டுவிப்பது இழிவு என்பது அவர் வாதம்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய வாதம் அல்ல இது. நம் ஊரில் மனிதன் தெய்வமாவது புதிதல்ல. தெருக்கூத்தில் கிருஷ்ணர் வேஷம் கட்டியவருக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். வட கேரளத்தில் தெய்யம் ஆடுபவரிடம் நீதிபதியும் கைகட்டி நின்று குறை சொல்கிறார். ஆனால் அந்தக் கலைஞர் அதற்கு முன் விரதம் இருக்கிறார், மணிக்கணக்கில் முகத்தில் வண்ணம் எழுத உட்கார்ந்திருக்கிறார். கொடுக்கும் விலைக்கு ஏற்ற வேஷம். சோபாவில் சாய்ந்து சிப்ஸ் கொறித்துக்கொண்டே அனுமனாகிவிட முடியுமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஆட்டத்தின் உண்மையான நெருடல் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொத்தானை அழுத்துவதல்ல, தோற்பதுதான் பிரச்னை. வீடியோ கேம் என்றால் நாயகன் தோற்றே ஆக வேண்டும். பள்ளத்தில் விழுவான், அடிபட்டுச் சுருண்டு விழுவான், மறுபடி முதலிலிருந்து வருவான். ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை சாகும் ஆஞ்சநேயரை எந்தப் பக்தரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? சாகவே மாட்டார் என்று வைத்தால் எந்தப் பையன் அதை விளையாடுவான்? நம் தயாரிப்பாளர்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

2011-ல் வந்த 'ரா ஒன்' இந்தி சினிமா இதையே தலைகீழாகக் கையாண்டது. ஷாருக் கான் அதில் வீடியோ கேம் தயாரிப்பாளர். நாயகர்களைவிட வில்லன்களையே ரசிக்கும் மகனுக்காக, தோற்கடிக்க முடியாத வில்லனை உருவாக்குகிறார். வில்லன் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து முதலில் அவரையே கொல்கிறான். தோல்வியே இல்லாத பாத்திரத்தை ஆட்டத்துக்குள் அடைத்து வைக்க முடியாது என்ற நீதி, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கதைக்குள் இருந்தது. படத்தோடு பிளே ஸ்டேஷன் ஆட்டமும் வந்தது. படத்தின் விளம்பர வெளிச்சம் ஓய்ந்ததும் ஆட்டத்தையும் மறந்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் நம் புராணங்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததே இல்லை. குழந்தை அனுமன் சூரியனைப் பழம் என்று நினைத்துப் பாய்ந்தபோது இந்திரனின் வஜ்ராயுதம் தாடையில் பட்டு விழுந்தார். 'ஹனு' என்றால் தாடை, பெயரே அந்தக் காயத்திலிருந்து வந்தது என்பார்கள். முனிவர்கள் சாபத்தால் தன் பலத்தையே மறந்தார். கடற்கரையில் ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. ஆரம்பத்தில் சக்திகள் பூட்டிக் கிடக்க, உரிய கட்டத்தில் ஒவ்வொன்றாகத் திறப்பது இன்றைய வீடியோ கேம்களின் பொது விதி. அதை நம்மவர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கும் ஒரு காயம் உண்டு. ஏகதந்தர் அல்லவா? சிவனைப் பார்க்க வந்த பரசுராமரை வாசலில் தடுத்தார். பரசுராமர் கோடரியை வீசினார். அது தன் தந்தை கொடுத்த ஆயுதம் என்பதால், வீணாகக் கூடாதென்று பிள்ளையார் ஒரு தந்தத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது கதை. கடலில் கோடரி எறிந்து கேரளத்தை உண்டாக்கியதாகச் சொல்லப்படும் அதே பரசுராமர்தான். தோற்கத் தெரிந்த, அடி வாங்கத் தெரிந்த தெய்வங்கள் நம்முடையவை. பக்தர்கள்தான் அதை மறந்துவிட்டார்கள்.

இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது புணே நகரின் ஒரு சின்னக் குழு. நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' ஆட்டத்தின் நாயகி தெய்வமல்ல, சர்க்கஸில் வித்தை காட்டும் ஒரு பெண். அவள் தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப் போகிறார்கள். துர்க்கை அவளுக்குத் திரிசூலம் தருகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து, இந்தப் பெண்ணால் முடியுமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஆயுதம் சாமியுடையது, விழுவதும் எழுவதும் மனுஷியின் பொறுப்பு. பக்தருக்கும் மனத்தாங்கல் இல்லை, பையனுக்கும் ஆட்டம் மிஞ்சுகிறது. ராஜஸ்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்கள், நிழற்பொம்மை பாணியில் கதைக் காட்சிகள் என்று கண்ணுக்கும் விருந்து. சண்டைகளில் நேர்த்தி போதாது, சில மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது என்ற குறைகளும் உண்டு. ஆனாலும் அந்த வருடத்தின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில், சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிசுப் பட்டியலில் இடம்பிடித்தது.

சினிமா இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. 2021-ல் வந்த மலையாள 'மின்னல் முரளி'யின் நாயகன் ஊர்த் தையல்காரன். இடி விழுந்து சக்தி வருவதற்கு முன்பே காதலில் அடி வாங்கியவன். 2023-ன் தமிழ் 'மாவீரன்' ஒரு பயந்தாங்கொள்ளி சித்திரக்காரன். மேலேயிருந்து ஒரு குரல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல, அவன் உடம்பு அதன்படி நடக்கிறது. யாரோ ஒருவர் கையில் கன்ட்ரோலர் வைத்துக்கொண்டு அவனை ஆடுகிற மாதிரியே இருக்கும். இரண்டு கதைகளும் அப்படியே ஆட்டமாகக்கூடியவை. படம் வரையத் தெரிந்த கைகளுக்குக் கழக்கூட்டத்தில் பஞ்சமில்லை. ஸ்பைடர்மேன் மேன்ஹாட்டனில் ஊஞ்சலாடுவது போல, சாலைக் கடைத்தெருவின் ஓட்டுக் கூரைகள் மீது தாவும் ஒரு வீரனை யாரும் இன்னும் பெரிய அளவில் உருவாக்கவில்லை என்பதுதான் குறை.

பெற்றோர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. புது சூப்பர் ஹீரோ ஆட்டம் வீட்டுக்கு வந்தால் எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று கடிகாரம் பார்ப்பது அவசியம்தான். அதோடு முதல் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீரனுக்கு எங்கே வலிக்கும்? பதில் இருந்தால் அது ஆட்டம். இல்லாவிட்டால் வெறும் வாணவேடிக்கை; இரண்டு நாளில் பிள்ளைக்கே அலுத்துவிடும்.

கோட்டை வீட்டுப் பையன் அன்று ஒரே இடத்தில் பதினோரு தடவை தோற்றான். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவை எங்கே தப்பு நேர்ந்தது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு மறுபடி போனான். பன்னிரண்டாவது தடவை தாண்டிவிட்டான். இதே பையன் போன வாரம் கணக்குப் பரீட்சைத் தாளைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்ததாக அவன் அம்மா சொன்னார். எடுத்த மார்க் ஐம்பதுக்குப் பத்தொன்பது. அந்தத் தோல்விக்குப் பிறகு அவனிடம் பேச அப்பா, அம்மா, பாட்டி, டியூஷன் மாஸ்டர் என்று ஒரு பெரிய வரிசையே காத்திருந்தது. ஸ்பைடர்மேன் தோற்றபோது திரையில் வந்தது ஒரே ஒரு வரி: மீண்டும் முயல்க.